கடற்கரை ரிசோர்ட்டா, நாற்சார் வீட்டு விடுதியா?

யாழ்ப்பாணத்தில் தங்க, சூழலைக் கெடுக்காத சொகுசு இடம் வேண்டும் என்று லண்டன் சொந்தங்கள் கேட்கிறார்கள். கடற்கரை ரிசோர்ட் ஒன்று, நடுமுற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிய நாற்சார் வீடு இன்னொன்று.

தண்ணீர்: இதைத்தான் முதலில் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது, சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கும் மாரி மழைதான் கிணறுகளுக்கு ஆதாரம், கரையோரத்தில் நீச்சல்குளத்துக்கும் புல்தரைக்கும் மோட்டார் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு ஏறி, அப்புறம் பக்கத்து வளவுக் கிணறும் கரிக்கும். வாசலில் தென்னோலைக் கிடுகு வேய்ந்திருப்பதைப் பார்த்து மயங்காமல் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேளுங்கள்.

வெக்கை: கண்ணாடிச் சுவர் ரிசோர்ட்டுக்கு நாள் முழுக்க ஏசி வேண்டும். நாற்சார் வீட்டில் நடுமுற்றம் வெக்கையை மேலே விட்டுவிடும், மத்தியானம் திண்ணைத் தரையில் கால் வைத்தாலே குளிர்ச்சி தெரியும்.

வசதி: ரிசோர்ட்தான்.

பிள்ளைகளுக்குக் கடல் வேண்டுமென்றால் நீச்சல்குளம் இல்லாத சின்ன ரிசோர்ட் சரி. மற்றவர்களுக்கு நாற்சார் வீடுதான், கசூரினா கடற்கரைக்கு ஒரு நாள் போய் வரலாம்.