ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர்: தண்ணீர் சுடுகிறது சரி, எதனால் சுடுகிறது?

பழைய ஹீட்டரைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் வைக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டு மெஷினில் கேஸ் லீக்கைச் சரிசெய்துவிட்டு மெக்கானிக் போய் அதிக நாள் ஆகவில்லை, எனக்குக் கோபமும் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் சில வருடங்களாகத் தினமும் பயன்படுத்துகிறேன், அதனால் நல்லதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். எத்தனை லிட்டர், என்ன உயரம், எந்த வால்வு என்பதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது, அதற்குள் போகவில்லை.

முதலில் நல்லது. சாதாரண ஹீட்டரில் ஒரு யூனிட் கரண்ட் போட்டால் ஒரு யூனிட் வெப்பம் கிடைக்கும், எந்தக் கம்பெனி செய்தாலும் அதற்கு மேல் வராது. ஹீட் பம்ப் அறையின் காற்றில் ஏற்கெனவே இருக்கும் வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது, கரண்ட் தேவைப்படுவது தள்ளுகிற வேலைக்கு மட்டும். அதனால் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் வருகிறது. காற்று குளிர்ந்தால் இது குறையும், தண்ணீரை அதிகச் சூட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னாலும் குறையும். 200 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுபோக 7 யூனிட் வெப்பம் வேண்டும். சாதாரண ஹீட்டர் அந்த ஏழையும் மீட்டரில் காட்டும், இது இரண்டு, இரண்டரைக்குள் முடித்துவிடும். நன்றாக ஓடிய காலத்தில் மீட்டரில் நான் பார்த்ததும் அப்படித்தான் இருந்தது. வீட்டில் வேறு எதை மாற்றியும் ஒரே அடியில் இவ்வளவு குறைந்ததில்லை.

எதிர்பார்க்காமல் கிடைத்த சந்தோஷம் ஒன்று உண்டு. காற்றிலிருந்து வெப்பத்தை எடுக்கிறது என்றால், வெளியே விடுகிற காற்று குளிர்ந்துதானே இருக்கும்? மெஷின் இருக்கும் அறையில்தான் துணி காயப்போடுகிறோம். ஈரமான காற்று மெஷினுக்குள் வெப்பத்தை எடுக்கிற குளிர்ந்த குழாய்ச் சுருளில் பட்டதும் அதில் உள்ள ஈரம் நீராகப் பிரிந்து கீழே குழாயில் சொட்டுகிறது. அறை குளுகுளுவென்று இருக்கும், துணி சீக்கிரம் காயும், எப்போதும் அடிக்கிற ஈர வாடை சுத்தமாகப் போய்விட்டது. வாங்கும்போது ஒருவரும் இதைச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் இன்னும் முன்னாலேயே வாங்கியிருப்பேன். (குளிர் நாட்டில், ஹீட்டர் போட்டுச் சூடாக்கிய அறைக்குள் இதை வைத்தால் கதை வேறு. அந்த அறையின் வெப்பத்தைத்தான் இது எடுத்துக்கொள்ளும், அங்கே வெளியில் வைக்கிற மாடல்தான் சரி.)

சத்தம் இருக்கிறது, படுக்கையறைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். மெதுவாகத்தான் சுடும், முழு டேங்க் காலியானால் திரும்பச் சுட நாலைந்து மணி நேரம் ஆகும். இரண்டுமே பழகிவிடும்.

எனக்குப் பழகாத விஷயம் ஒன்றுதான். இந்த மெஷினுக்குள் இரண்டு மெஷின் இருக்கின்றன. ஒன்று காற்றின் வெப்பத்தைத் தண்ணீருக்குள் தள்ளுகிற கம்ப்ரஸர், சுமார் 500 வாட் இழுக்கும். இன்னொன்று பழைய ஹீட்டரில் இருக்கிற அதே காயில், அதாவது கரண்டில் சுடும் கம்பிச் சுருள், 2000 வாட். அவசரத்துக்கும், கடும் குளிருக்கும், டேங்கில் லீஜியோனெல்லா கிருமி வளராமல் இருக்க அவ்வப்போது தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோகவும் அந்தக் காயில் வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எந்த நேரத்தில் இரண்டில் எது ஓடுகிறது என்று இந்த மெஷின் நமக்குச் சொல்வதே இல்லை. குழாயைத் திறந்தால் ஒரே மாதிரிச் சுடுதண்ணீர்தான் வருகிறது. இரண்டு யூனிட்டில் சுட்டதா ஏழு யூனிட்டில் சுட்டதா என்று தண்ணீரைத் தொட்டுப் பார்த்துத் தெரியாது.

கரண்ட் போய் வந்தால் நாம் வைத்த மோடு அதற்கு மறந்துவிடும். கம்ப்ரஸர் மட்டும் ஓடட்டும் என்று நான் வைத்திருப்பேன், கரண்ட் வந்ததும் அது தானாக இரண்டும் கலந்த மோடுக்குப் போய் நிற்கும். ஒரு பீப் சத்தம்கூட வராது. நள்ளிரவில் இரண்டு நிமிடம் கரண்ட் போனது யாருக்குத் தெரியும்? எனக்கு இப்போது ஒரு பழக்கமே வந்துவிட்டது, வேறு ஏதாவது சாதனத்தில் கடிகாரம் மினுக்கிக்கொண்டிருந்தால் நேரே அந்த அறைக்குப் போய்ப் பட்டனைத் தட்டுகிறேன். மோடை நினைவில் வைத்திருக்கப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை, சாதாரண ஏசிகள் எத்தனையோ அதைச் செய்கின்றன. வாடிக்கையாளர் சேவையில் கேட்டபோது, யாரும் பச்சைத் தண்ணீரில் குளிக்க நேரக்கூடாது என்பதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறோம் என்றார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் பச்சைத் தண்ணீர் பிரச்சினை இல்லை. கரண்டை மிச்சப்படுத்துகிறேன் என்று விற்ற பொருள் கரண்டை மிச்சப்படுத்த வேண்டும் என்பதுதான் பிரச்சினை.

அடுத்தது இதைவிட மோசம், சமீபத்திய ரிப்பேருக்குக் காரணமும் அதுதான். காற்றின் வெப்பத்தைத் தண்ணீருக்குக் கொண்டுபோவது உள்ளே இருக்கும் குளிரூட்டி வாயுதான், அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து போயிருக்கிறது. கம்ப்ரஸர் வேலை செய்ய முடியாமல் நின்றுவிட்டது. உடனே மெஷின் என்ன செய்தது? சத்தம் போடாமல் முழு வேலையையும் 2000 வாட் காயிலிடம் கொடுத்துவிட்டது. சுடுதண்ணீர் ஒரு நாள்கூடத் தவறவில்லை. திரையில் ஸ்பேனர் மாதிரி ஒரு சின்னக் குறி வருமாம், ஆனால் அந்தத் திரை கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும், பட்டனைத் தட்டினால்தான் திரும்ப எரியும். நல்லபடியாகத் தண்ணீர் வரும்போது யார் போய்ப் பட்டனைத் தட்டுவார்கள்?

எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்றால், துணி காயவில்லை. அறையில் பழையபடி ஈர வாடை வந்தது, நீர் சொட்டும் குழாய் வறண்டு கிடந்தது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சாதனம் கெட்டுப்போனதை அதன் போர்டு சொல்லவில்லை, துணிக்கொடி சொன்னது.

வந்த மெக்கானிக் முதலில், கேஸ் டாப்-அப் செய்துவிடுகிறேன், ஓடும் என்றார். லீக் எங்கே என்று பார்க்காமல் நிரப்பினால் அதுவும் அதே வழியில்தானே போகும்? நான் விடவில்லை. நைட்ரஜன் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்ததில் ஒரு மூட்டில் குமிழி வந்தது. அதைப் பற்றவைத்து, உள்ளே இருந்த காற்றை முழுவதும் உறிஞ்சி எடுத்த பிறகுதான் புது வாயு போட்டார். வேலை தெரிந்த மனிதர், நன்றாகவே செய்தார், அதில் குறை இல்லை.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், ஏனென்றால் நான் இதை வாங்கியதே கரண்ட் பில்லுக்காக மட்டும் இல்லை, பூமியைச் சூடாக்கும் கார்பன் குறையட்டும் என்றும்தான். எங்கள் மெஷினில் இருப்பது ஆர்-134ஏ என்ற குளிரூட்டி வாயு. பூமியைச் சூடாக்குவதில், நூறு வருடக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ ஆர்-134ஏ 1430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். லேபிளில் போட்டிருக்கும் அளவு 900 கிராம், அது முழுவதும் போனால் ஏறக்குறைய 1.3 டன். நிலக்கரியில் எடுத்த கரண்ட் என்றால் ஒரு யூனிட்டுக்குச் சுமார் ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், ஆக முழு டேங்கைச் சுடவைக்கும் ஒவ்வொரு நாளும் இந்த மெஷின் நாலரை கிலோ வரை மிச்சம் பிடிக்கிறது. அப்படியானால் ஒரே ஒரு மூட்டில் கசிந்த வாயு ஒன்பது மாதத்துக்கு மேல் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிட்டது. கசிந்த பிறகு காயிலில் ஓடிய காலத்துக் கரண்ட் இதில் சேரவில்லை. சூரிய மின்சாரமோ காற்றாலை மின்சாரமோ அதிகம் உள்ள இடத்தில் அன்றாட மிச்சம் இதைவிடக் குறைவு, அங்கே இந்தக் கசிவை ஈடுகட்ட இன்னும் நீண்ட காலம் ஆகும்.

இதற்கு மாற்று இல்லாமலும் இல்லை. ஆர்-290, அதாவது புரொப்பேன், போட்ட மாடல்கள் வருகின்றன. ஆர்-134ஏ-வுக்கு 1430 என்று சொன்ன அதே கணக்கில் அதற்கு ஒற்றை இலக்கம்தான். தீப்பற்றும் வாயு என்பதால் அளவைக் குறைவாக வைத்து, வைக்கும் இடத்துக்கும் கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள். ஜப்பானில் 2001-லிருந்தே கார்பன் டை ஆக்சைடையே குளிரூட்டியாகப் போட்டு வீட்டு ஹீட்டர் விற்கிறார்கள். ஆர்-134ஏ போன்ற வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2016-லேயே ருவாண்டாவின் கிகாலி நகரில் நாடுகள் ஒப்புக்கொண்டுவிட்டன. ஹீட் பம்ப் தத்துவத்தை இயற்பியல் அறிஞர் கெல்வின் பிரபு 1852-லேயே எழுதிவைத்தார். இத்தனை கால அறிவு சேர்ந்து ஒரு நல்ல பொருள் கைக்கு வந்திருக்கும்போது, "கம்ப்ரஸர் ஓடவில்லை" என்று சொல்ல அணையாத ஒரு சிவப்பு விளக்கு வைக்காமல் விட்டிருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வீடு இப்படி மெஷின்கள் சத்தமில்லாமல் பழைய ஹீட்டராக மாறி ஓடிக்கொண்டிருந்தால், தாளில் குறைந்ததாகக் காட்டும் கார்பன் உண்மையில் குறைந்ததா என்று யார் சொல்வது?

ரிப்பேருக்குப் பிறகு இந்த மெஷினுக்கென்று தனியாக ஒரு எனர்ஜி மீட்டர் மாட்டிவிட்டேன். 500-க்குப் பக்கத்தில் காட்டினால் கம்ப்ரஸர், 2000 காட்டினால் காயில். போகிற வருகிற எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் இருக்கிறது. கம்பெனி செய்திருக்க வேண்டிய வேலை இது, ஆனால் இப்போது நிம்மதியாக இருக்கிறது. காற்று ஃபில்டரை மறக்காமல் கழுவுங்கள், தூசி அடைத்தால் கம்ப்ரஸர் அதிக நேரம் ஓடும். டேங்குக்குள் துரு பிடிக்காமல் காக்கும் மெக்னீசியக் கம்பியையும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, நண்பருக்கு என்ன பதில்? மேலே எழுதியதைப் படித்தால் வாங்கச் சொல்வேன் என்றுதான் தோன்றும். மூன்றில் ஒரு பங்காகக் குறைந்த யூனிட், காய்ந்த துணி, எல்லாம் உண்மை. ஆனாலும் நான் வைத்திருக்கும் இந்த மாடலை வாங்காதீர்கள். ஐந்துக்கு இரண்டுதான் கொடுப்பேன், இன்னும் ஒரு மாதம் கழித்துக் கேட்டால் நாலு கொடுப்பேனோ என்னவோ, இன்றைக்கு இரண்டுதான். ஹீட் பம்ப் கண்டிப்பாக வையுங்கள், வேறு மாடலாகப் பார்த்து வையுங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் அதன் கையேட்டை இறக்கிப் படியுங்கள். மின்தடைக்குப் பிறகு எந்த மோடில் தொடங்கும், கம்ப்ரஸர் கெட்டால் காயில் தானாகப் போய்ச் சேர்ந்துகொள்ளுமா, அப்போது எச்சரிக்கை எங்கே வரும், உள்ளே என்ன வாயு என்று தேடுங்கள். பதில் கையேட்டில் இல்லையென்றால் விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். அதுவரை இருக்கிற ஹீட்டரே ஓடட்டும், தண்ணீர் குறைவாக விடும் ஷவர் தலை ஒன்றை மாட்டி, சுடுதண்ணீர்க் குழாய்க்கு உறை போட்டுவிடுங்கள். அப்புறம் புது மெஷின் வந்தாலும் அவை இரண்டும் அப்படியே உதவும்.