பழத்தின் ஆயுளைக் கூட்டும் பை என்று வாங்கி ஏமாந்த கதை

மாம்பழத்தைப் பெட்டி கட்டித் தூரத்துக்கு அனுப்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பை வாங்குங்கள். "இந்தப் பையில் போட்டால் ஒரு மாதம் பழம் அப்படியே இருக்கும்" என்று சொல்லி ஒருவர் எங்களுக்கு விற்றது, தடிமனான சாதாரண பாலிதீன் பை. வாங்கிய விலையோ அதைப்போலப் பல மடங்கு.

பறித்த பிறகும் பழம் மூச்சு விடுகிறது. ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடையும் நீராவியையும் வெளியே விடுகிறது. நல்ல பை அந்த மூச்சை மெதுவாக்கும், அடைக்காது. காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் பைக்குள் 3 முதல் 5 சதவீதத்தில் நின்றால் காய் நிதானமாகப் பழுக்கும். 1 சதவீதத்துக்கும் கீழே போனால் உள்ளுக்குள்ளேயே நொதிக்க ஆரம்பித்துவிடும். எங்கள் பழத்துக்கு நேர்ந்தது இதுதான். பையைப் பிரித்ததும் சாராய வாடை. தோல் பச்சை மாறவில்லை, சதை குழைந்து பழுப்பேறியிருந்தது. பையின் உட்புறம் முழுக்க நீர் கோத்து, பழத்தின் காம்புப் பக்கம் பூஞ்சை பிடித்திருந்தது. பெட்டி பெட்டியாகக் குப்பையில் கொட்டினோம், வயிறு எரிந்தது.

விற்றவரைக் கேட்டால் குளிரில் வைக்காதது எங்கள் தவறாம். சரி, எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும்? "எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லது" என்றார். முற்றிய பச்சை மாங்காயை 12, 13 டிகிரிக்குக் கீழே பல நாள் வைத்தால் தோலில் குழி விழும், ஒழுங்காகப் பழுக்கவே பழுக்காது. வாழைக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். இது தெரியாதவரிடம் பழத்துக்கான பையை வாங்கவே கூடாது.

வெப்பநிலையைச் சொல்லாமல் பை விற்பதே மோசடி என்பேன். 10 டிகிரி கூடினால் பழத்தின் மூச்சு இரண்டு, மூன்று மடங்காகும். பையின் வழியே காற்று போய்வரும் வேகம் அந்த அளவுக்குக் கூடாது. அதனால் 13 டிகிரியில் சரியாக இருக்கும் பைகூட வெயிலில் நிற்கும் லாரியில் பழத்தை மூச்சுத்திணற வைத்துவிடும்.

பையோடு கூடவே, பழம் வெளிவிடும், பழுப்பதைத் தூண்டும் வாயுவான எத்திலீனை உறிஞ்சும் சிறு பொட்டலங்களும் கொடுத்தார். பொட்டாசியம் பெர்மாங்கனேட் சேர்த்தவை. புதிதாக இருந்தால் உள்ளே இருக்கும் மணிகள் ஊதா நிறத்தில் இருக்கும், சக்தி தீர்ந்தால் பழுப்பாகிவிடும். எங்களுக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை வரும்போதே பழுப்பு. உங்களுக்கு வந்தால் முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். வெறும் கையால் தொட வேண்டாம்.

ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் பையின் வழியே எந்த வேகத்தில் போய்வரும், எந்தப் பழத்துக்கு, எத்தனை கிலோவுக்கு, எத்தனை டிகிரிக்கு என்று எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் முன்பணம் கொடுக்காதீர்கள். சில பைகளை மட்டும் வாங்கி, உங்கள் பழத்தைப் போட்டு, அனுப்பும் நாள் கணக்குக்கு வைத்துப் பிரித்துப் பாருங்கள்.

மிஞ்சிய பைகளைத் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். துளை போட்டுப் பெட்டிக்குள் விரிக்கிறோம், பழம் வாடாமலிருக்க அதுவாவது உதவுகிறது. அதே பையை இப்போது பப்பாளிக்கென்று காட்டி விற்கிறார் என்று கேள்விப்பட்டதால்தான் இதை எழுதுகிறேன்.