ஆர்க்கிட் எண்: நியூரோ சர்ஜரி, நியூராலஜியில் கட்டுரை எழுதுபவருக்கு எவ்வளவு பயன்?

எம்.சி.எச். நியூரோ சர்ஜரியோ (நரம்பியல் அறுவை சிகிச்சை) டி.எம். நியூராலஜியோ (நரம்பியல் மருத்துவம்) சேர்ந்ததும் எடுக்க வேண்டிய முதல் எண் ஆர்க்கிட் (ORCID), அதாவது கட்டுரை எழுதும் ஆய்வாளரை அடையாளம் காட்டும் தனி எண். முதல் கேஸ் ரிப்போர்ட் (ஒரு நோயாளியைப் பற்றிய கட்டுரை) ஏற்கப்படட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவது தவறு. காரணம் கீழே வருகிறது. சேவை இலவசம், பதிவு சில நிமிட வேலை. ஆனால் எண்ணை எடுத்து வைத்துவிட்டு அப்படியே விட்டால் பயன் மிகக் குறைவு. இந்தச் சேவையின் பலம் முழுவதும் அதை இதழ்களோடு சரியாக இணைப்பதில்தான் இருக்கிறது. பலரும் கோட்டைவிடுவதும் அங்கேதான்.

ஆர்க்கிட் ஒரு லாப நோக்கற்ற அமைப்பு. 2012 அக்டோபரில் பதிவைத் திறந்தது. ஒவ்வோர் ஆய்வாளருக்கும் நான்கு நான்காகப் பிரித்த 16 இலக்க எண் தருகிறது. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது, சிலருக்கு அந்த இடத்தில் எக்ஸ் எழுத்து வரும். ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தால் இந்தச் சரிபார்ப்பு பிடித்துவிடும். உங்கள் பெயருக்கு நேராக இன்னொருவரின் முழு எண்ணை ஒட்டிவிட்டால் அதனால் பிடிக்க முடியாது.

தமிழர்களுக்கு இந்த எண் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவைப்படுவதற்குக் காரணம் நம் இனிஷியல். தந்தை பெயர் சுப்பிரமணியன், தன் பெயர் முருகன் என்று ஒரு ரெசிடெண்ட் (மேற்படிப்பு மாணவரான மருத்துவர்) இருப்பதாக வைத்துக்கொள்வோம். இதழின் படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். முதலாவதில் எஸ், இரண்டாவதில் முருகன் என்று போட்டால், மருத்துவக் கட்டுரைகளின் தரவுத்தளமான பப்மெட்டில் ‘முருகன் எஸ்’ ஆவார். பாஸ்போர்ட்டில் உள்ளபடி போட்டால் ‘சுப்பிரமணியன் எம்’. முருகன் என்று முதல் கட்டத்திலும் எஸ் என்று இரண்டாவதிலும் போட்டால் ‘எஸ் எம்’, அதாவது பெயரே இல்லாத ஆசிரியர். படிப்புக் காலத்தில் மூன்று பேராசிரியர்கள் மூன்று விதமாக அனுப்பிவைத்தால், ஒரே ஆள் மூன்று ஆசிரியர்களாகிவிடுவார். திருமணத்துக்குப் பின் இனிஷியலை மாற்றிக்கொள்ளும் பெண்களுக்கு நான்காவது வடிவமும் சேரும்.

சென்னையின் முதல் தலைமுறை இதில் ஒழுங்காக இருந்தது. 1950-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கிய பி. ராமமூர்த்தி, ‘ராமமூர்த்தி பி’. ஆசியாவின் முதல் பெண் நியூரோ சர்ஜன்களில் ஒருவரான டி.எஸ். கனகா, ‘கனகா டி எஸ்’. தஞ்சாவூர் என்ற ஊரும் சந்தானகிருஷ்ணன் என்ற பெயரும் இனிஷியலில் அடங்கிவிட, தன் பெயர் முன்னால் நின்றது. அவர்களுடைய பழைய கட்டுரைகளை இன்று தேட இந்த ஒழுங்கு ஒன்றுதான் துணை. ஆர்க்கிட் எண்ணை ஆய்வாளர் தாமே பதிய வேண்டும் என்பதால், 2003-இல் மறைந்த ராமமூர்த்தி போன்றவர்களுக்கு அது கிடையாது. பப்மெட்டில் ஆசிரியரின் முழுப்பெயர் 2002 முதல்தான் ஏறுகிறது. பணியிடம் 1988 முதல், அதுவும் முதலாசிரியருக்கு மட்டும். எல்லா ஆசிரியர்களின் பணியிடமும் 2014 முதல். எனவே அறுபதுகளின் கட்டுரையை மருத்துவமனைப் பெயரை வைத்து வடிகட்ட முயன்றால் எதுவும் வராது.

எங்கள் பரிந்துரை: தன் பெயரைக் கடைசிப் பெயர் கட்டத்திலும் இனிஷியலை முதல் கட்டத்திலும் போடுங்கள். மேற்கோள் காட்டுகிறவர்கள் உங்கள் பெயரைச் சொல்வார்கள், அப்பா பெயரை அல்ல. வெளிநாட்டு ஃபெல்லோஷிப்புக்குப் போகிறவர்கள் பாஸ்போர்ட் வடிவத்தைத் தேர்ந்தாலும் தவறில்லை. எதைத் தேர்ந்தாலும் முதல் கட்டுரைக்கு முன்பே முடிவுசெய்து, துறையில் கட்டுரை அனுப்பும் எல்லோருக்கும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ‘முருகன் எஸ்’ என்ற பெயரில் இன்னும் பலர் இருப்பார்கள்தான். அவர்களைப் பிரித்துக்காட்டவே எண்.

பெயர் விஷயத்தில் ஆர்க்கிட் நன்றாகச் செய்திருக்கிறது. கடைசிப் பெயர் கட்டாயமில்லை. அச்சில் வரும் பெயருக்குத் தனிக் கட்டம் உண்டு. வேறு பெயர்கள் என்ற பகுதியில் மற்ற எல்லா வடிவங்களையும், தமிழ் எழுத்தில் உள்ள பெயரையும்கூடச் சேர்க்கலாம். பதியும்போது இரண்டு மின்னஞ்சல்கள் கொடுங்கள், அதில் ஒன்று கட்டாயம் சொந்த முகவரியாக இருக்கட்டும். கல்லூரி முகவரியை மட்டும் கொடுத்தவர் படிப்பு முடிந்து அது மூடப்பட்டதும் கடவுச்சொல்லை மீட்க முடியாமல் இரண்டாவது எண் எடுத்துவிடுகிறார். அப்படி இரண்டு இருந்தால், வைத்துக்கொள்ளும் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸ் பக்கத்தில் மற்றதை நீக்கலாம். நீக்கிய எண், வைத்துக்கொண்ட எண்ணுக்குத் திருப்பிவிடும். ஆனால் நீக்கிய கணக்கில் இருந்த பட்டியல் தானாக மாறி வராது. அதை முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும்.

ஒவ்வொரு தகவலையும் எல்லோரும் பார்க்கலாம், நம்பகமான அமைப்புகள் மட்டும், நான் மட்டும் என்று மூன்று நிலைகளில் வைக்கலாம். கட்டுரைகளை ‘நான் மட்டும்’ நிலையில் வைத்துவிட்டு, தேர்வுக் குழுவுக்கு இணைப்பை அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். குழு வெற்றுப் பக்கத்தைத்தான் பார்க்கும்.

இனி இணைப்பு. இதழின் சமர்ப்பிப்புத் தளத்தில் ஆர்க்கிட் பொத்தானை அழுத்தி, ஆர்க்கிட்டில் உள்நுழைந்து, அனுமதி கொடுத்துத்தான் எண்ணை இணைக்க வேண்டும். கையால் தட்டச்சு செய்த எண்ணுக்கு நம்பகத்தன்மை இல்லை, அதைப் பல பதிப்பகங்கள் ஏற்பதும் இல்லை. பெரும்பாலான இதழ்கள் தொடர்பாசிரியரின் (இதழோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ளும் ஆசிரியரின்) எண்ணை மட்டுமே கட்டாயமாகக் கேட்கும். நம் துறைகளில் தொடர்பாசிரியர் பெரும்பாலும் பேராசிரியர். உழைத்து எழுதிய ரெசிடெண்ட் முதலாசிரியராக இருந்தும் அவருடைய எண் கட்டுரையோடு போகாது. அதற்குத் தீர்வு: கட்டுரை சமர்ப்பித்ததும் இணையாசிரியர்களுக்கு வரும் உறுதிசெய்யும் மின்னஞ்சலைத் திறந்து, ஒவ்வொருவரும் தம் கணக்கில் நுழைந்து இணைக்க வேண்டும். ஏற்பு வருவதற்கு முன் முடித்துவிடுவது நல்லது. ஏற்புக்குப் பின் எண்ணைச் சேர்க்கப் பல பதிப்பகங்கள் சம்மதிப்பதில்லை.

சரியாக இணைத்தால் நடப்பது இது: கட்டுரை வெளியானதும் பதிப்பகம், கட்டுரையின் நிரந்தர அடையாளமான டி.ஓ.ஐ.யோடு உங்கள் எண்ணையும், டி.ஓ.ஐ.களைப் பதியும் அமைப்பான கிராஸ்ரெஃபுக்கு அனுப்பும். கிராஸ்ரெஃப் முதல்முறை உங்களிடம் அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் அடுத்தடுத்த கட்டுரைகள் தானாகவே உங்கள் பக்கத்தில் ஏறும். அந்த அனுமதிக் கோரிக்கை ஆர்க்கிட் கணக்கின் இன்பாக்ஸில் கிடப்பதே பலருக்குத் தெரிவதில்லை. தானாக ஏறவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். அங்கும் இல்லையென்றால் பதிப்பகம் எண்ணை அனுப்பவில்லை என்று பொருள். பப்மெட்டிலும் அதே கதைதான், பதிப்பகம் அனுப்பினால் மட்டுமே எண் பதிவில் ஏறும். சோதிக்க வழி எளிது: பப்மெட் தேடலில் உங்கள் எண்ணை இட்டு, அதை ஒட்டி சதுர அடைப்புக்குள் ஏ.யு.ஐ.டி. என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைப் புள்ளியில்லாமல் போடுங்கள். எண்ணோடு வந்த கட்டுரைகள் மட்டும் வரும். உங்கள் உண்மையான எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் எத்தனை விட்டுப்போயின என்பது தெரிந்துவிடும்.

பழைய கட்டுரைகளைச் சேர்க்க டி.ஓ.ஐ. அல்லது பப்மெட் எண் போடும் வழிதான் சுத்தமானது, விவரங்கள் பிழையில்லாமல் வந்துவிழும். பட்டியல் நீளமென்றால் ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்திலிருந்து இழுக்கலாம். அங்கே உங்கள் பெயரில் உடைந்து கிடக்கும் எல்லா ஆசிரியர் பக்கங்களையும் தேர்ந்தெடுங்கள். பிறகு ஒவ்வொரு தலைப்பையும் படித்து, அதே பெயருள்ள வேறொருவரின் கட்டுரையை நீக்கிவிட்டு அனுப்புங்கள். கையால் தலைப்பை அடித்துச் சேர்ப்பது கடைசி வழி. ஒரே டி.ஓ.ஐ. உள்ள பதிவுகளை ஆர்க்கிட் தானே ஒன்றாகச் சேர்த்துவிடும். டி.ஓ.ஐ. இல்லாமல் சேர்த்தது தனியாக நின்று, ஒரே கட்டுரை இருமுறை தெரியும். மாநாட்டுச் சுருக்கமும் அதே தலைப்பில் பிறகு வந்த முழுக் கட்டுரையும் வேறு வேறு வகை. இரண்டையும் ‘இதழ்க் கட்டுரை’ என்று போட்டால் எண்ணிக்கையைக் கூட்டிக்காட்டியதாகவே பார்க்கப்படும்.

பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தும் பல மைய ஆய்வுகளில் ஆர்க்கிட் தடுமாறுகிறது. தலைக்காயத்துக்கு இரத்தக்கசிவைக் குறைக்கும் டிரனெக்ஸாமிக் அமிலம் கொடுத்துப் பார்த்த கிராஷ்-3 ஆய்வில் 29 நாடுகளின் 175 மருத்துவமனைகள், 12,737 நோயாளிகள். 2019-இல் லான்செட்டில் வந்தது. இத்தகைய ஆய்வில் நோயாளிகளைச் சேர்த்த மருத்துவர்கள் கூட்டுப்பணியாளர் பட்டியலில்தான் வருவார்கள், அந்தப் பட்டியலுக்கு எண்கள் பொதுவாகப் போவதில்லை. கட்டுரையை நீங்களே டி.ஓ.ஐ. கொண்டு சேர்க்கலாம். ஆனால் ஆசிரியர் என்ற தோற்றம் வராதபடி பங்கைத் தெளிவாகக் குறிக்க வேண்டும், பயோடேட்டாவிலும் தனித் தலைப்பில் எழுத வேண்டும்.

ஆர்க்கிட் செய்யாதவற்றையும் சொல்ல வேண்டும். மேற்கோள் எண்ணிக்கை கிடையாது, அதை வைத்துக் கணக்கிடும் எச்-இண்டெக்ஸ் கிடையாது. அவற்றுக்கு ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ், கூகுள் ஸ்காலர்தான். கூகுள் ஸ்காலரில் தானாகச் சேர்க்கும் வசதியை நிறுத்தி, ஒவ்வொன்றையும் கேட்டுச் சேர்க்கும்படி மாற்றிவிடுங்கள். இனிஷியல் பெயர்களில் அது அடிக்கடி தப்பு செய்கிறது. அடுத்து, ஆர்க்கிட் பக்கத்தில் இருப்பதால் மட்டும் ஒரு கட்டுரை தரமானதாகிவிடாது. காசு வாங்கிக்கொண்டு அச்சிடும் போலி இதழும் அங்கே அழகாகவே தெரியும். பதவி உயர்வுக் குழுவில் இருப்பவர்கள் ஒவ்வொரு பதிவுக்கும் கீழே உள்ள மூலத்தைப் பார்க்க வேண்டும். கிராஸ்ரெஃப் என்றோ பதிப்பகத்தின் பெயரோ இருந்தால் வெளியே இருந்து வந்தது, ஆய்வாளரின் பெயரே இருந்தால் அவர் தாமே எழுதியது. வேலை பார்த்த இடங்களுக்கும் இதே விதிதான். பிறர் கட்டுரைகளை மதிப்பீடு செய்த பணியை மட்டும் நாமே எழுத முடியாது, ஆர்க்கிட்டில் உறுப்பினரான அமைப்புகள்தான் சேர்க்கும். இந்த ஒரு கண்டிப்பை மற்ற பகுதிகளுக்கும் கொண்டுவந்தால் நன்றாக இருக்கும்.

இரண்டடுக்குப் பாதுகாப்பு வசதியையும் போட்டு, அப்போது தரப்படும் மீட்புக் குறியீடுகளை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை அனுப்பும் பொறுப்பைப் பெரும்பாலும் ஜூனியர்களிடம் ஒப்படைக்கும் துறைகளில் பேராசிரியரின் கடவுச்சொல் பலர் கையில் சுற்றுகிறது. அதற்குப் பதிலாக, நம்பகமானவர் ஒருவரைக் கணக்கில் பிரதிநிதியாகச் சேர்க்கும் வசதியை ஆர்க்கிட்டே தருகிறது. அவர் தம் சொந்தக் கணக்கில் நுழைந்து உங்கள் பட்டியலைத் திருத்தலாம். ரெசிடெண்ட் படிப்பை முடித்துப் போகும் நாளில் அந்த அனுமதியை நீக்கிவிடலாம்.