மூன்று வருட ஃபைபர்: லைன் நிற்கிறது, முகவரி நிற்கவில்லை

"உங்க வீட்டு ஃபைபர் எப்படி? நானும் எடுக்கலாம்னு இருக்கேன்" என்று போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் போயிருந்தது அதற்கு முந்தைய நாள்தான்.

வேகத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, சொன்னது வருகிறது. மூன்று வருடத்தில் கேபிள் அறுந்தது இரண்டே முறை. ஒன்று ஜேசிபி செய்த வேலை. இரண்டு முறையும் அன்று மாலைக்குள் ஆள் வந்து ஒட்டிக் கொடுத்தார்.

பழைய வகை இணைய முகவரியான ஐபிவி4 பக்கம் சிஜிநாட், அதாவது பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பங்கு போடும் ஏற்பாடு. ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் 100.72 என்று தொடங்கும், இந்த ஏற்பாட்டுக்கென்றே ஒதுக்கிய வகை முகவரியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது, தெருவோடு சேர்ந்து ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிற்கிறோம் என்று. இதில் கோபம் இல்லை. உலகத்துக்கே சுமார் 429 கோடி முகவரிகள்தான், மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே காலி. இல்லாததை எங்கிருந்து கொடுப்பார்கள்?

ஆனால் முகவரிக்குப் பஞ்சமில்லாத புது வகையான ஐபிவி6-உம் வந்தது. அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. பேருந்தில் உட்கார்ந்து கைபேசியில், கோப்புகளைச் சேமித்து வைத்திருக்கும் வீட்டு நாஸ் பெட்டியைத் திறந்தேன். வெளியிலிருந்து வருவதை ரவுட்டர் உள்ளே கைமாற்றிவிடும் போர்ட் ஃபார்வர்ட் கிடையாது, நடுவில் யாருடைய கிளவுடும் கிடையாது, ஃபயர்வாலில் ஒரே ஒரு விதி. அப்பாவின் பழைய போட்டோக்கள் வரிசையாக வந்து விழுந்தன. இறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டிப் போய்விட்டது. (அலுவலக வைஃபையில் இன்றும் திறக்காது. அங்கே ஐபிவி6 இல்லை. அது எனக்கு லைன் கொடுத்த கம்பெனியின் தப்பல்ல.)

அப்புறம் முதல் பவர்கட் வந்தது.

கரண்ட் திரும்பி ரவுட்டர் எழுந்ததும் கம்பெனி புது ப்ரீஃபிக்ஸ் கொடுத்தது. அதாவது முகவரியின் முதல் பாதியே மாறிப்போனது. கைபேசிக்குக் கவலையில்லை, வைஃபை போனால் பழசை மறந்துவிடும். நாஸும் ஸ்விட்சும் இன்வெர்ட்டரில் ஓடுகின்றன. அவற்றைப் பொறுத்தவரை எதுவும் நடக்கவில்லை, பழைய முகவரியும் செல்லும். வழக்கமான அளவுகளில் அது ஏழு நாள் முதல் தேர்வாகவும், முப்பது நாள் செல்லுபடியாகவும் இருக்கலாம். காலி செய்த வீட்டின் முகவரியைக் கடித உறையில் போட்டு, பதில் வரவில்லையே என்று உட்கார்ந்திருப்பது மாதிரிதான். இரவு பேக்கப் பாதியில் தொங்கியது. காரணம் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

சரி என்று ரவுட்டருக்கும் ஒரு குட்டி யுபிஎஸ் வாங்கினேன். பலன் பாதிதான். நள்ளிரவில் கம்பெனி தன் பக்கம் செஷனை அறுத்து மறுபடி இணைக்கிறது, அப்போதும் புது ப்ரீஃபிக்ஸ்தான். அப்படி மாறினால் பழையதை இனி பயன்படுத்தாதே என்று ரவுட்டர் உடனே வீட்டுக் கருவிகளுக்கு அறிவிக்க வேண்டும். வீட்டு ரவுட்டர்கள் ஐபிவி6-இல் எப்படி நடக்க வேண்டும் என்று 2013-இல் வந்த ஆர்எஃப்சி 7084 என்ற ஆவணம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. இவர்கள் இலவசமாகக் கொடுத்த பெட்டி வாயே திறப்பதில்லை.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன்.

"யூட்யூப் ஓடுதா சார்?"

"ஓடுது."

"அப்போ நெட் நல்லா இருக்கு சார்."

டிக்கெட் க்ளோஸ். அந்தப் பையனைக் குறை சொல்ல முடியாது. பிரவுசர்கள் ஐபிவி6 தாமதித்தால் கால் நொடியில் ஐபிவி4-க்குத் தாவிவிடும், அதனால் கோளாறு யார் கண்ணிலும் படுவதில்லை. நிலையான முகவரி வேண்டுமென்றால் பிசினஸ் பிளான் எடுக்கச் சொன்னார்கள்.

இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. ஐபிவி4-இல் தட்டுப்பாடு, ஒப்புக்கொள்கிறேன். ஐபிவி6-இல் என் ஒரு வீட்டுக்கு ஒதுக்கியிருப்பது, அந்த 429 கோடியை 429 கோடியால் பெருக்கினால் வருகிற எண்ணிக்கை. அவ்வளவு அள்ளிக் கொடுக்கிறவர்கள், கொடுத்ததையே ஒரு மாதம் விட்டுவைக்கக் கூடாதா? திருப்பி வாங்கி வேறு யாருக்குக் கொடுத்துத் தீர்க்கப் போகிறார்கள்?

கடைசியில் சொந்த ரவுட்டர் வாங்கி, அவர்கள் பெட்டியை வெறும் பாலமாக மட்டும் நிற்கும் பிரிட்ஜ் மோடில் தள்ளிவிட்டேன். நள்ளிரவு மாற்றத்தில் பழைய ப்ரீஃபிக்ஸை இது ஒழுங்காக ரத்து செய்கிறது. வீட்டுக்குள் பேசிக்கொள்ள, வெளியே செல்லாத தனி முகவரிகள் வைத்தாயிற்று. வெளியிலிருந்து வர, மாறும்போதெல்லாம் தானே புதுப்பிக்கும் ஒரு டைனமிக் டிஎன்எஸ் பெயர். இப்போது பேக்கப் தொங்குவதில்லை. ஆனால் இதெல்லாம் என் தலையில் விழுந்திருக்க வேண்டிய வேலையே இல்லை.

நண்பருக்கு "வேண்டாம்" என்று பதில் அனுப்பினேன். அவர் வீட்டில் நாஸ் கிடையாது, படம் பார்க்கவும் பிள்ளைகள் படிக்கவும்தான் நெட், இந்த லைன் தாராளமாகப் போதும் என்பதும் தெரியும். இருந்தாலும் அனுப்பிவிட்டேன். என் லைனுக்கு வருடச் சந்தா கட்டியது போன மாதம்தான், அதை அவரிடம் சொல்லவில்லை.