எஸ்ஏடி 1290: காசு கொடுத்த ஆலோசனையும் காசில்லாத காமன் டேட்டா செட்டும்

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் (மொத்தம் 1600) மகளுக்கு முதல் முறை 1250, இரண்டாவது முறை 1290. நியூ ஜெர்சியின் எடிசனில் எங்கள் வட்டத்தில் யாருடைய பிள்ளையும் 1500-க்குக் கீழே வாங்கியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை (வாங்கியவர்கள் வெளியே சொல்வதில்லை என்பது பிறகுதான் புரிந்தது). இரண்டாவது ரிசல்ட் வந்த அன்று போனை டைனிங் டேபிளில் கவிழ்த்து வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் எனக்கும் அதை எடுத்துப் பார்க்கத் துணிவு வரவில்லை. இதே இடத்தில் நிற்கிற பெற்றோருக்காகத்தான் இந்த ரிவ்யூ.

முதலில் பணம் கட்டிப் போன ஆலோசனை மையம். பெயர் வேண்டாம். ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். அவர் மதிப்பெண்ணைப் பார்த்தார், மகள் எழுதிக் கொண்டுபோன ஒன்பது கல்லூரிகளில் ஏழு பெயர்களைக் கோடு போட்டு அடித்தார், அடுத்த கோச்சிங் பேக்கேஜின் விலையைச் சொன்னார். பள்ளி மதிப்பெண் எப்படி, எந்தெந்த ஏபி பாடம் (பள்ளியிலேயே படிக்கிற கல்லூரி அளவுப் பாடம்) எடுத்தாள், மூன்று வருடமாகச் சனிக்கிழமை தோறும் நூலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித் தருகிறாளே அது எதற்கு, ஒன்றுமே கேட்கவில்லை. காரில் வரும்போது அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அந்த மையத்தை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அடுத்தது காமன் டேட்டா செட். அமெரிக்கக் கல்லூரிகள் வருடா வருடம் ஒரே படிவத்தில் தங்கள் புள்ளிவிவரங்களை நிரப்பி வெளியிடுகிற ஆவணம் இது. காலேஜ் போர்டு, பீட்டர்சன்ஸ், யு.எஸ். நியூஸ் மூன்றும் சேர்ந்து உருவாக்கிய படிவம், பார்க்கக் கட்டணம் கிடையாது. மகளின் பள்ளி கவுன்சிலர்தான் போகிற போக்கில் சொன்னார், நாங்கள் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது கல்லூரிக்கும் இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

பார்க்க வேண்டியது 'சி' பகுதி. சி7-இல் ஒரு கட்டம் இருக்கும்: பள்ளியில் எடுத்த பாடங்களின் கடினம், ஜிபிஏ (பள்ளி மதிப்பெண் சராசரி), தேர்வு மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே அது மிக முக்கியமா, முக்கியமா, கவனிப்பார்களா, கவனிக்கவே மாட்டார்களா என்று அந்தக் கல்லூரியே டிக் அடித்திருக்கும். எங்கள் லிஸ்டில் பல இடங்களில் பாடங்களின் கடினமும் ஜிபிஏவும் 'மிக முக்கியம்', தேர்வு மதிப்பெண் வெறும் 'கவனிப்போம்'. அதைப் பார்த்ததும் மகள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

சி9 தான் உயிர்நாடி. சேர்ந்த மாணவர்களின் எஸ்ஏடி, ஏசிடி (எஸ்ஏடி போலவே இன்னொரு சேர்க்கைத் தேர்வு) மதிப்பெண்கள் 25, 50, 75-ஆம் பெர்சன்டைலில் எவ்வளவு என்று இருக்கும், அதாவது நூறு பேரைக் குறைந்த மதிப்பெண்ணிலிருந்து வரிசையாக நிறுத்தினால் 25, 50, 75-ஆவது ஆளின் மதிப்பெண். எல்லோரும் அந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு பயந்து மூடிவிடுகிறார்கள், நானும் அப்படித்தான் மூடப் போனேன். பக்கத்திலேயே எத்தனை சதவீதம் பேர் தங்கள் மதிப்பெண்ணைக் கல்லூரிக்குக் கொடுத்தார்கள் என்றும் இருக்கும், அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தேர்வு கட்டாயமில்லாத கல்லூரியில் எஸ்ஏடி கொடுத்தவர் 35 சதவீதம், ஏசிடி கொடுத்தவர் 15 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: அப்போது வகுப்பில் ஏறக்குறைய பாதிப் பேருடைய மதிப்பெண் அந்தக் கணக்கிலேயே இல்லை. கொடுத்தவர்களும் பெரும்பாலும் நல்ல மதிப்பெண் உள்ளவர்கள், அதனால்தான் அந்த எண் அவ்வளவு உயரமாகத் தெரிகிறது.

"அப்ப இதை அனுப்ப வேண்டாமா அம்மா?" என்றாள். கல்லூரிக்குக் கல்லூரி பதில் வேறு. கலிபோர்னியா பல்கலைக்கழகம் எஸ்ஏடியைக் கேட்பதும் இல்லை, அனுப்பினாலும் சேர்க்கைக்குப் பார்ப்பதும் இல்லை. பௌடின் 1969-இலிருந்தே கட்டாயம் ஆக்கவில்லை, வேக் ஃபாரஸ்ட் 2008-இலிருந்து. கோவிட் காலத்தில் தளர்த்திய எம்ஐடி 2022-இல் மறுபடி கட்டாயமாக்கியது, 2024-இல் டார்ட்மத், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக் அதே வழியில் போயின. டார்ட்மத் சொன்ன காரணம் யோசிக்க வைத்தது: வசதி குறைந்த பிள்ளைகள் பலர், தங்களுக்கு உதவியிருக்கக்கூடிய மதிப்பெண்ணையே குறைவு என்று நினைத்து அனுப்பாமல் விட்டிருக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பெண்ணையும் அவரவர் பள்ளிச் சூழலோடு வைத்துத்தான் பார்க்கிறார்கள். எங்கள் பள்ளியிலோ சராசரியே உயரம், அதனால் அந்தச் சலுகை மகளுக்கு இல்லை என்பதையும் நேர்மையாக ஏற்றுக்கொண்டோம்.

அப்புறம் சூப்பர்ஸ்கோர். முதல் தேர்வில் ஆங்கிலம் 590, கணக்கு 660. இரண்டாவதில் ஆங்கிலம் 650, கணக்கு 640. இரண்டிலும் நல்லதைச் சேர்த்தால் 1310, பல கல்லூரிகள் அப்படித்தான் எடுத்துக்கொள்கின்றன. அந்த 60 மதிப்பெண் ஏற்றம் கான் அகாடமி இணையதளத்தின் இலவசப் பயிற்சியிலும் எஸ்ஏடிக்கான புளூபுக் செயலியில் உள்ள மாதிரித் தேர்வுகளிலும் வந்தது, கோச்சிங்குக்கு ஒரு டாலர் கொடுக்கவில்லை.

குறையும் உண்டு. சில கல்லூரிகள் இந்த ஆவணத்தை இணையதளத்தின் எந்த மூலையிலோ வைத்திருக்கின்றன, சில வெளியிடுவதே இல்லை. கணக்கு முந்தைய ஆண்டினுடையது, ஆகவே தேர்வு கட்டாயமா என்பதை அந்தந்தக் கல்லூரியின் அட்மிஷன் பக்கத்தில் தனியாகப் பார்த்தே ஆக வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் போன்ற பாடங்களுக்கு இடம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பது இதில் தெரியாது, அதை நம்பிக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம். அதற்காக அரை நட்சத்திரம் குறைத்து ஐந்துக்கு நாலரை தருகிறேன்.

எங்கள் ஒன்பதில் மதிப்பெண் கட்டாயமாக இருந்த ஒன்றை விட்டுவிட்டோம். மூன்றுக்கு அனுப்பினோம், நான்குக்கு அனுப்பவில்லை, மீதி ஒன்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகம், அங்கே அந்தக் கேள்வியே இல்லை. அனுப்பிய மூன்றில் இரண்டு இடம் கொடுத்தன, அனுப்பாத நான்கில் ஒன்று. சான் டியாகோ கிடைக்கவில்லை. அவள் சேர்ந்திருப்பது அனுப்பாத அந்த ஒன்றில். அந்த மையத்தில் அடிக்கப்பட்ட ஏழில் அதுவும் ஒன்று.

தேடும்போது கல்லூரியின் பெயர், காமன் டேட்டா செட், கல்வியாண்டு மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். வரவில்லை என்றால் அந்தக் கல்லூரியின் இன்ஸ்டிடியூஷனல் ரிசர்ச் பக்கத்தில் பாருங்கள், பெரும்பாலும் அங்கே பழைய வருடங்களும் வரிசையாக இருக்கும். மூன்று வருடத்துக்காவது இறக்கிக்கொள்ளுங்கள்.