துப்பாக்கி சுடும் பயிற்சி என்று 18,500 ரூபாய் வாங்கினார்கள், பாதுகாப்பு என்று எதுவுமே இல்லை: சேலம் பெற்றோர் கவனத்துக்கு

சேலத்தில் பிள்ளைகளுக்கு ஏர் ரைஃபிள் பயிற்சி தருவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு தனியார் கூடத்தில் என்னிடம் 18,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஏமாற்றியிருக்கிறார்கள். பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். வலது புருவத்தின் மேல் ஈயக் குண்டு பட்டு வீங்கிய முகத்தோடு என் மகள் பக்கத்து அறையில் படுத்திருக்கிறாள். அந்த ஆத்திரம் அடங்குவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வழக்குத் தொடரப் போவதால் கூடத்தின் பெயரையோ அது இருக்கும் பகுதியையோ பொதுவில் சொல்ல வேண்டாம் என்று வழக்கறிஞர் அறிவுறுத்தியிருக்கிறார். இப்படிப்பட்ட வகுப்புகளில் பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு முன் பெற்றோர் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

மகள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தனியாக ஒரு வெண்கலமும், சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து கலப்பு அணிப் பிரிவில் இன்னொரு வெண்கலமும் வென்றதைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு இதே நினைப்பு. ஏர் ரைஃபிளில் இந்தியாவுக்காக ஒலிம்பிக் வரை போன இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர் என்று தெரிந்ததும், "நம்ம பக்கத்துப் பொண்ணுதானேம்மா அவங்க" என்று நச்சரிக்கத் தொடங்கிவிட்டாள். விளையாட்டின் மேல் எனக்கு இன்றைக்கும் எந்தக் குறையும் இல்லை. 10 மீட்டர் தள்ளியிருக்கும் இலக்குத் தாளின் நடுவில் அரை மில்லிமீட்டர் அளவேயான புள்ளியைக் குறிவைத்து, மூச்சை அடக்கி அசையாமல் நிற்பது, துறுதுறுவென்று இருக்கும் பிள்ளைக்கு மிகவும் நல்லது என்றுதான் இப்போதும் நம்புகிறேன்.

சேர்க்கைக்கு நானும் என் அண்ணனும் போனோம். நடத்துபவர் மரியாதையாக உட்கார வைத்தார். பணத்தைப் பற்றிப் பேசாமல், முதலில் ஒரு ரைஃபிளை எடுத்துக் குழல் முனையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் பிடித்து, குண்டு போடும் வாயைத் திறந்து உள்ளே காலியாக இருப்பதை என் மகளிடம் காட்டினார். பிறகு பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் நீளமான ஒரு பிளாஸ்டிக் கயிற்றை எடுத்துக் குழலுக்குள் விட்டு, அது மறுமுனையில் வெளியே வருவதைக் காட்டி, "இந்தக் கயிறு உள்ள இருந்தாத்தான் துப்பாக்கி காலின்னு எல்லாருக்கும் தெரியும் மேடம். சுடுற கோட்டுல வந்து நின்னு, நான் சொன்ன பிறகுதான் இதை எடுக்கணும். சர்வதேசப் போட்டியிலயும் இதேதான் விதி" என்றார். எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரப்பியதாகவே கருத வேண்டும், மனிதர் பக்கம் குழலைத் திருப்பக் கூடாது, குறி பார்க்கும் வரை விசையில் விரல் படக் கூடாது, இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக் கூடாது என்று நான்கு விதிகள் சுவரில் பெரிய எழுத்தில் இருந்தன. அவற்றை என் மகளை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். கல்லூரி நாட்களில் என்.சி.சி.யில் .22 ரைஃபிள் சுட்டுப் பழகிய என் அண்ணன், "விவரம் தெரிஞ்ச ஆளும்மா, தைரியமா சேர்த்துவிடு" என்றார். அந்த ஆரஞ்சுக் கயிற்றைப் பார்த்த நிமிடத்தில் எனக்கு வந்த நம்பிக்கைதான் அந்த 18,500 ரூபாய். மூன்று மாதப் பயிற்சிக் கட்டணம், கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி எல்லாம் அதில் அடக்கம் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். சீட்டு எடுத்து வைத்திருந்த பணம் அது.

அதற்குப் பிறகு அந்தக் கயிற்றை எந்தத் துப்பாக்கியிலும் நான் பார்க்கவில்லை. பேசியவரும் வகுப்புப் பக்கம் வரவில்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு தம்பி வாசலில் கைபேசியோடு உட்கார்ந்திருப்பார், அவர்தான் பயிற்சியாளர். வார நாட்களில் இதுவாவது பரவாயில்லை. சனி, ஞாயிறுகளில் ஏற்காட்டுக்குப் போகிறவர்களும் திரும்புகிறவர்களும் வண்டியை நிறுத்திவிட்டு வருவார்கள். பத்துக் குண்டுக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு, பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே அவர்களையும் நிறுத்திவிடுவார்கள். குண்டு நிரப்பிய ரைஃபிளோடு ஓர் இளைஞர் நண்பரின் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி திரும்பியபோது, குழல் முனை பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் தலை மட்டத்தில் கடந்து போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். அவருடைய விரல் விசையின் மேல் இருந்தது. இன்னொரு முறை, ஒரு தடத்தில் சுட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த தடத்திலிருந்த ஒருவர் தாளை மாற்றுவதற்காகச் சர்வசாதாரணமாக முன்னே நடந்து போனார். முறையாக நடத்தப்படும் இடத்தில் நிரப்பு, தொடங்கு, நிறுத்து, காலி செய் என்று கட்டளையிட ஒரே ஓர் ஆள் இருப்பார். "நிறுத்து" என்ற சொல் கேட்டால் அத்தனை துப்பாக்கிகளும் இறங்கிவிடும், எல்லாம் காலி என்று அவர் உறுதி செய்யும் வரை கோட்டைத் தாண்டி யாரும் போக மாட்டார்கள். இங்கே அந்த ஒரு சொல்லைச் சொல்ல ஆள் இல்லை. பிள்ளைகளின் உயிரை மனத்தில் வைத்துப் பார்த்தால், மற்ற எல்லாக் குறைகளையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

அந்தத் தம்பியிடம் சொன்னபோது, "அக்கா, இது காத்துத் துப்பாக்கி, லைசென்சே வேண்டாம், பொம்மை மாதிரிதான்" என்றார். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டருக்கு மிகாத குழல் விட்டமும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை என்பது உண்மைதான். உரிமம் வேண்டாம் என்பதற்காகக் குண்டு மெதுவாகப் போய்விடுமா? போட்டிகளில் பயன்படும் ஏர் ரைஃபிளிலிருந்தே ஈயக் குண்டு நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. கண் அதைத் தாங்காது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நடந்தது இதுதான். வருகிறவர்கள் சுடுவதற்காகப் பாதித் தொலைவில் பலூன்களைக் கட்டி, அவற்றுக்குப் பின்னால் ஒரு இரும்புத் தகட்டை நேர்செங்குத்தாக நிறுத்தியிருந்தார்கள். குண்டு பட்டதும் கீழ்நோக்கி விழும்படி தகட்டைச் சாய்த்து அமைப்பதும், சிதறல் வெளியே வராதபடி பெட்டி வைத்து அடைப்பதும் இந்தத் தொழிலில் உள்ள எவருக்கும் தெரிந்த ஏற்பாடு. நேராக நின்ற அந்தத் தகட்டில் பட்ட குண்டு திரும்பி வந்து, பக்கத்துத் தடத்தில் நின்றிருந்த என் மகளின் புருவ எலும்பில் அடித்தது. 18,500 ரூபாயில் அடக்கம் என்று எழுதிக் கொடுத்த பாதுகாப்புக் கண்ணாடி அன்று வரை அவள் கைக்கு வரவில்லை. "ஆர்டர் போட்டிருக்கோம்" என்பதே ஒவ்வொரு வாரமும் கிடைத்த பதில். முதலுதவிப் பெட்டிகூட அங்கே இல்லை. எலும்பு தாங்கிக்கொண்டதால் கண் தப்பித்தது, கொஞ்சம் கீழே பட்டிருந்தால் பார்வையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்போம் என்றார் கண் மருத்துவர்.

அன்று மாலை நடத்துபவர் என் அழைப்பை எடுக்கவில்லை. மறுநாள் எடுத்தவர், "பாப்பா நல்லா இருக்கில்ல மேடம், அப்புறம் என்ன" என்றார். மருத்துவச் செலவை நான் கேட்கவில்லை, கட்டிய 18,500 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள், பலூன் வியாபாரத்தை நிறுத்துங்கள் என்று மட்டும் கேட்டேன். கணக்குப் பார்ப்பவர் ஊருக்குப் போயிருக்கிறார் என்றார். அவர் வந்த பிறகு, கட்டிய பணம் திருப்பித் தரப்பட மாட்டாது என்று படிவத்தில் அச்சடித்திருக்கிறது என்றார்கள். அடுத்து, இன்னொரு மாதம் இலவசமாகச் சொல்லித் தருகிறோம் என்றார்கள். அடிபட்ட பிள்ளையை அதே தகட்டுக்கு முன்னால் மறுபடியும் கொண்டுபோய் நிறுத்த வேண்டுமாம். என் அண்ணன் நேரில் போனபோதுதான் அந்த மனிதர் உண்மையான முகத்தைக் காட்டினார்: "உங்க பொண்ணு நிக்கக் கூடாத இடத்துல நின்னா நாங்க என்னங்க பண்றது?" அந்தத் தம்பி நிறுத்திவிட்டுப் போன இடத்தில் நின்ற பதின்மூன்று வயதுப் பெண்ணைக் குற்றவாளியாக்கிப் பேசிய அந்த வார்த்தையை என்னால் மன்னிக்க முடியாது. நேற்றிலிருந்து என் எண்ணை முடக்கி வைத்திருக்கிறார்கள். காவல் நிலையத்திலோ, "லைசென்ஸ் தேவையில்லாத துப்பாக்கி, பண விவகாரம், நுகர்வோர் கோர்ட்டுக்குப் போங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் அலட்சியச் செயல் பாரதிய நியாய சன்ஹிதா 125ஆம் பிரிவில் வருகிறது என்று வழக்கறிஞர் சொன்னதால், எழுத்துமூலமான புகாரோடு மறுபடி போகப் போகிறோம்.

விரிவாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். மகளை மறுபரிசோதனைக்குக் கூட்டிப்போகும் நேரமாகிவிட்டது. அதனால் சில மட்டும். சேர்க்கை நாளில் காட்டுவதை நம்பாதீர்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், கட்டளையிட ஓர் ஆள் கோட்டிலேயே நிற்கிறாரா என்று பாருங்கள். இலக்குக்குப் பின்னால் இருக்கும் தகடு நேராக நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி கைக்கு வராமல் பிள்ளையைக் கோட்டில் நிற்க விடாதீர்கள். ரைஃபிளுக்குக் காற்று தரும் அழுத்தக் காற்று உருளையில் பொறித்திருக்கும் தேதியைக் கேளுங்கள், பத்து ஆண்டைத் தாண்டியிருந்தால் வேண்டாம். மொத்தப் பணத்தையும் ஒரே தடவையாகக் கட்டாதீர்கள், அச்சிட்ட ரசீது கேளுங்கள். ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் சொல்லலாம்; மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனுப் போட வேண்டும், நாம் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

சேலத்தில் இதே போன்ற கூடத்தில் பணம் கட்டிவிட்டுத் திரும்பக் கிடைக்காமல் அலைகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே படமோ காணொளியோ எடுத்தவர்கள் இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். மனுவை அடுத்த வாரம் தாக்கல் செய்கிறோம். அதற்குள் கிடைத்தால் சேர்த்துவிடலாம்.