மின் டவரைப் பார்க்க எது சரி: நடையா, ட்ரோனா, ஹெலிகாப்டரா?

எங்கள் குடும்பத்துக்கு ஊர் கோலார் தங்கவயல். 1902-ல் காவிரியின் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து அங்கே சுரங்கத்துக்குக் கரண்ட் கொண்டுவந்த கதையைத் தாத்தா சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். இப்போது பெங்களூரில், உயர் அழுத்த லைன்களை ட்ரோன் எடுத்த படங்களில் பழுது தேடிக் குறிப்பது என் வேலை. மாமா முப்பது வருடம் லைன் கேங்கில், அதாவது லைனைப் பராமரிக்கும் குழுவில், டவர் ஏறியவர். ஞாயிற்றுக்கிழமை அல்சூரில் அவர் வீட்டுக்குப் போனால் எங்களுக்கு இதே பேச்சுதான்.

டவர்களுக்கு நடுவே சுமார் 400 மீட்டர் இடைவெளி என்றால், 100 கிலோமீட்டருக்கு 250 டவர். சமவெளியில் நடந்து பார்த்துவிடலாம். கர்நாடகத்தின் ஷராவதி ஆற்றுப் பக்கத்து மலைக்காட்டில் அது நடக்காது. அட்டைக்கடி, வழுக்குப் பாறை, யானை நடமாட்டம் எல்லாம் உண்டு. அடுத்த டவர் கண்ணுக்கு எதிரே நிற்கும், நடுவில் ஒரு பள்ளத்தாக்கு கிடக்கும்.

அங்கேதான் ட்ரோனின் அருமை தெரியும். போன மாதம் ஒரு 400 கிலோவோல்ட் லைன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பியைத் தாங்கும் மின்காப்புத் தட்டுகள், அதாவது டிஸ்க், இருபத்து மூன்று கோத்த சரம், எல்லாம் சுத்தமாக இருந்தன. ஆனால் சரத்தை டவரோடு பிணைக்கும் ஷேக்கிள் என்ற இரும்பு வளையத்தில், போல்ட் கழலாமல் தடுக்கும் ஸ்ப்ளிட் பின் இல்லை, வெறும் ஓட்டைதான் இருந்தது. பின் இல்லாவிட்டால் காற்றில் ஆடி ஆடி போல்ட் மெல்ல வெளியே வரும், ஒருநாள் சரமே கழன்று விழும். கீழிருந்து பைனாகுலரில் அது தெரியாது. ஆளை ஏற்றியிருந்தால் அரை நாள் போயிருக்கும், ட்ரோனுக்குப் பத்து நிமிடம். வெப்பக் கேமரா மாட்டினால் டவரில் இரு பக்கக் கம்பிகளைச் சேர்க்கும் ஜம்பர் இணைப்பு சூடாவதும் தெரியும்.

குறைகளும் உண்டு. பேட்டரி நெடுநேரம் தாங்காது. மூடுபனியும் மழையும் வந்தால் ட்ரோன் பெட்டிக்குள்தான் இருக்கும். பீங்கான் டிஸ்க் உள்ளுக்குள் துளை விழுந்து செத்திருந்தாலும் படத்தில் புத்தம் புதிதாகத் தெரியும்.

ஒரு தடவை ஆசையோடு மாமாவிடம் படங்களைக் காட்டினேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “கால் எங்கடா மாப்ளே?” என்றார். நாலு காலும் புதருக்குள் மறைந்திருந்தன. கான்கிரீட்டிலிருந்து காலின் இரும்பு ஆங்கிள் வெளியே வரும் இடத்தில்தான் தண்ணீர் தேங்கித் துரு தின்னும். மழையில் மண் அரித்துப் போவதும், டவரை மண்ணோடு இணைக்கும் எர்த் பட்டையை யாராவது வெட்டி எடுத்துப் போவதும் அங்கேதான். கண்ணாடி டிஸ்க் வெடித்தால் கற்கண்டு மாதிரித் தூள் காலடியில் கொட்டிக் கிடக்கும். நடப்பவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் அண்ணாந்து எந்த டிஸ்க் என்று தேடுவார். அன்றைக்கு மாமாவிடம் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஹெலிகாப்டர் நீண்ட லைனுக்கு ஏற்றது. ஒடிசாவின் தால்சேரிலிருந்து கோலார் வரை 1,350 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் 2003-ம் வருடத்து டிசி (நேர் மின்னோட்ட) லைன் போன்றவற்றில், மரத்துக்கும் கம்பிக்கும் இடைவெளி எவ்வளவு என்று லேசரால் அளந்துகொண்டே போகலாம். ஆனால் மலை மடிப்பில் நாற்பது டவர் பார்க்க அதை அழைப்பது பணத்தைக் கொட்டுவதுதான்.

சரி, பழுதைக் கண்டுபிடித்தாயிற்று. சரிசெய்ய இரண்டு வழி. ஒன்று, லைன் கிளியர் என்ற வேலை அனுமதி வாங்கி, கரண்டை நிறுத்தி ஏறுவது. அதே டவரில் பக்கத்து சர்க்யூட்டில் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தால், அதன் தூண்டலால் நிறுத்திய கம்பியிலும் மின்னழுத்தம் இருக்கும். அதனால் இரண்டு பக்கமும் எர்த் போடாமல், அதாவது கம்பியை மண்ணோடு இணைக்காமல், கை வைக்கவே கூடாது. மாமா இதைச் சொல்லும்போது குரலே மாறிவிடும். மற்றொன்று ஹாட்லைன். கரண்ட் ஓடும்போதே, மின்கடத்தும் உடை அணிந்து, மின்காப்புள்ள ஏணி வழியே கம்பிக்குப் போய் வேலை பார்ப்பது. அதற்கான பயிற்சி மையம் நம் கனகபுரா சாலையிலேயே இருக்கிறது. கரண்ட் நிற்காது என்பதால் எனக்கு ஹாட்லைன்தான் பிடிக்கும். ஆனால் அதில் பயன்படும் மின்காப்புக் கழியும் கயிறும் ஈரமானால் அவ்வளவுதான், காப்பு போய்விடும். மலையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை அதை நினைக்கவே வேண்டாம். அணை நிரம்பி, லைனை நிறுத்த யாருக்கும் மனசு வராத மாதங்களும் அவைதான். ஆகவே மழைக்கு முன்பே எல்லாம் முடிந்தாக வேண்டும்.

என் முடிவு இது: ஏறுவதை ட்ரோன் குறைக்கட்டும், நடப்பதை யாரும் குறைக்க வேண்டாம். சமீபத்தில் ஒரு மலை லைனுக்கு நான் எழுதித் தந்த திட்டத்தில் டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் எல்லா டவரின் மேல்பகுதியையும் ட்ரோன் எடுக்கிறது, இரண்டு பேர் கீழே நடக்கிறார்கள். ஒவ்வொரு டவரிலும் முதலில் நாலு காலின் படம் வர வேண்டும். அது வராத டவர் பார்த்த கணக்கில் சேராது.